உச்சி முகர்தல்

மதியம் ஒன்றரை மணிக்கு நான்கு கோடிப் பேர் ஒரே ஒரு ஆண் சிங்கத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பன்றிக் குடல் தின்றார்கள். தயிர்ச்சோற்றைப் பிசைந்து தின்று கழுவிய கையின் ஈரம்கூட இன்னும் காய்ந்திருக்காது. அலுவலகங்களில் இதற்கென்றே முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். 'சிங்க நேரம்' என்று அதற்குப் பெயர். நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும், வாயில் பச்சை ரத்தம் உப்புக் கரிக்கும். முட்டைகூடத் தொடாதவர்கள்தான் இதில் முதல் வரிசை. நாம் கொல்லவில்லை, நாம் தின்னவில்லை, சுவை மட்டும்தான் நமக்கு, பாவமெல்லாம் சிங்கத்தைச் சேரும் என்று தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். கருமம்.

அந்தச் சிங்கத்துக்கு இருநூறு மீட்டர் பின்னால், ஒட்டங்காட்டுப் புழுதியில் நின்றிருந்த ஜீப்புக்குள், அதாவது சிங்கத்தின் பின்னாலேயே போகும் தொடர்வண்டிக்குள், பூவரசியின் வாயில் வெறும் எச்சில்தான் ஊறியது. குமட்டும்போது ஊறுமே, அந்த எச்சில்.

"கண்ணாடிய ஏத்துங்க அம்மிணி. வாடை தாங்கலைங்க" என்றார் வண்டி ஓட்டும் நஞ்சப்பன்.

அவள் ஏற்றவில்லை. வாடையை முகர்வதற்குத்தான் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். தடமறிவாளர் என்பது பதவியின் பெயர். ஒட்டங்காடு காப்பகத்தில் அறுபத்திரண்டு சிங்கங்கள். நாற்பது வருடத்துக்கு முன்பு மேற்கிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் பேரன் பேத்திகள். எது எங்கே போகிறது, எது எதோடு சேர்கிறது, எது எதைத் துரத்துகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பதுதான் அவள் வேலை. மீசை முளைக்கும் இடத்துப் புள்ளிகளை எண்ணி ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்திருந்தாள். இப்போது பன்றியைப் பிளந்துகொண்டிருந்தவன் நாலுபுள்ளி. நிறுவனம் அவனுக்கு 'வேந்தன்' என்று பெயர் சூட்டியிருந்தது. அவனுடைய அண்ணனோ தம்பியோ ஒருவன் கூடவே வந்திருந்தான், ஆறுபுள்ளி. அவன் கழுத்தில் எதையும் மாட்டவில்லை.

நாலுபுள்ளியின் கழுத்தில் கிடந்தது கழுத்துணரி. அதிலிருந்து மயிரைவிட மெல்லிய இழைகள் அவன் மண்டைக்குள் போயிருந்தன. அவன் உணர்வதை அது முந்நூறு மீட்டர் வரை வீசும். அதற்கு மேல் வீச்சு கிடையாது. அதை வாங்கி வானத்துக்கு அனுப்பத்தான் தொடர்வண்டி. வண்டி பின்தங்கினால் நான்கு கோடிப் பேரும் தங்கள் தங்கள் நாற்காலியில் வந்து விழுவார்கள். சிங்கத்துக்குள் போவதை 'உள்ளேறுதல்' என்று அறிமுகக் கையேட்டில் அழகாக எழுதியிருந்தார்கள். ஊரில் 'ஏர்றது' என்பார்கள். "சாப்டாச்சா? ஏறியாச்சா?" என்று கேட்பது நலம் விசாரிப்பாகவே ஆகிவிட்டிருந்தது.

தொடர்வண்டியில் இருப்பவர்கள் மட்டும் ஏறக் கூடாது என்பது முதல் விதி. ஆக, அந்த வேளையில் சொந்த மூக்கோடு இருந்தவர்கள் அந்தக் காட்டிலேயே பூவரசியும் நஞ்சப்பனும்தான்.

அது பட்டமாற்றம் நடக்கும் வாரம். நாலுபுள்ளியும் ஆறுபுள்ளியும் மேற்கு வேலியோரத்திலிருந்து வந்து, கிழட்டு ஆணான மொண்டிவாலை அடித்து விரட்டிவிட்டு, அவன் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் நான்கு பெண் சிங்கங்கள், ஐந்து குட்டிகள். புது ஆண் வந்தால் பழைய ஆணின் குட்டிகள் தப்பாது; கொன்றுவிடும். குட்டி போனால்தான் தாய் மறுபடி சேரும், புது ஆணின் குட்டியைப் பெறும். காட்டில் இது எப்போதும் நடப்பது. பூவரசி பதினோரு வருடமாகப் பார்த்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், மறுநாள் வேலைக்கு வந்திருக்கிறாள். அருவருப்பு அதில் இல்லை. சிங்கம் சிங்கமாக இருக்கிறது. அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, அடுத்த குட்டி எப்போது என்று காத்திருக்கிறதே இந்த ஜனம், அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

முதல் நாளே இரண்டு குட்டிகள் போயின. அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் நகரியத்து டீக்கடையில் நாலைந்து பேர் அவளை மறித்தார்கள்.

"என்ன பூவரசி, நாளைக்காச்சும் மிச்சக் குட்டிங்க ஆப்புடுமா?"

"எதுக்குங்க?" என்றாள்.

கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்த மண்டை பல்லுக்கு நடுவுல நொறுங்குது பாருங்க, புது முறுக்கைக் கடிச்சாப்ல. அதுக்கப்பறம் ஒரு நிம்மதி வருது. என்னத்தச் சொல்ல, கோயிலுக்குப் போய்ட்டு வந்தாப்ல இருக்குது."

கடைக்காரருக்கு இரண்டு பேத்திகள். ஒன்று அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்று முறுக்குத்தான் தின்றுகொண்டிருந்தது. பூவரசி டீயை அப்படியே வைத்துவிட்டு நடந்தாள். தூ என்று துப்பவும் முடியாத ஊர், எல்லாரும் தெரிந்தவர்கள்.

வீட்டில் அவள் கணவன் குமரவேல் இருந்தான். நகரியத்துத் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடுகிற வேலை அவனுக்கு. அவளுக்கு இரண்டாவது கணவன். மகள் குழலிக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது அவளைப் பெற்றவன் லாரியில் அடிபட்டுப் போனான். அதன் பிறகு பெண் கேட்டு வந்தவர்கள் பொம்மை வாங்கி வந்தார்கள், மிட்டாய் வாங்கி வந்தார்கள், குழந்தையை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். குமரவேல் வெறுங்கையோடு வந்தான். வந்தவன் குழந்தையைத் தூக்கி, உச்சியில் மூக்கை வைத்து, நன்றாக ஒரு மூச்சு இழுத்து, "பால் வாடை அடிக்குதுங்க" என்று சிரித்தான். அந்த ஒரு மூச்சுக்காகத்தான் அவள் சரி என்றாள். இந்த நான்கு வருடத்தில் ஒரு மாலைகூட அவன் அதைத் தவறவிட்டதில்லை. அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் குழலி ஓடிப்போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். இப்போது அவளுக்கு ஆறு வயது.

அன்றும் அப்படித்தான் நின்றாள். குமரவேல் குனிந்து முகர்ந்தான். உடனே நிமிர்ந்தான். மேலுதடு சுருண்டு ஏறியது, பல் தெரிந்தது, மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. அப்படியே சில நொடிகள் நின்றான்.

அந்த முகத்தைப் பூவரசி ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள், காட்டில். ஆண் சிங்கம் ஒரு வாடையை எடைபோடும்போது அப்படித்தான் உதட்டைச் சுருட்டும்.

"தலைக்கு ஊத்தலையா பூவு?" என்றான்.

"காலையிலதான் ஊத்துனேன். சீயக்காய் வாசம்கூட இன்னும் போகல."

"இல்ல. என்னமோ ஒரு நாத்தம்." கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டான். குழலி தலையைக் குனிந்தபடியே நின்றாள். பிறகு தானே தன் கையால் தலையைத் தடவி, கையை முகர்ந்து பார்த்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவனே வந்து அவளை மடியில் உட்காரவைத்துச் சோறு ஊட்டினான். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தான். பூவரசிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வண்டியிலிருந்து சென்னைக்குப் பேசினாள். அங்கே 'மேடை' என்ற கட்டுப்பாட்டு அறையில் நிரஞ்சன் என்று ஒருவன் உண்டு. தொடர்வண்டிகளுக்கு வழி சொல்வது அவன்தான்.

"அது பின்மணம் மேடம்" என்றான் சாதாரணமாக. "நெற்றிப்பட்டை வாடையை அனுப்புறதில்ல. வாடைக்கு அப்புறம் சிங்கத்துக்கு ஒரு தீர்ப்பு வருதில்ல, என்னுது, என்னுது இல்லன்னு, அதைத்தான் அனுப்புது. இறங்கின பிறகும் சில மணி நேரம் மூளையில அது தங்கிடும். ராத்திரிக்குள்ள போயிடும். மருத்துவக் குழு பார்த்திருக்காங்க."

"எல்லாருக்கும் இருக்குதா?"

"இருக்கும். ஆனா குழந்தை இருக்கறவங்கதான் கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

பூவரசி பேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சன்னல் வழியாகக் காறித் துப்பினாள்.

அன்றைக்கு மூன்றாம் குட்டியும் நான்காம் குட்டியும் போயின. மாலையில் குமரவேல் குழலியின் பக்கமே வரவில்லை. கயிற்றில் காய்ந்த அவள் பாவாடையைக் குச்சியால் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போனான். ஒரு மணி நேரம் கழித்து வந்து கொஞ்சினான். பூவரசி அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"இனிமே ஏறாதீங்க."

"என்ன பூவு, ஊரே ஏறுது."

"ஊரு எப்பிடியோ போகட்டும். அவ மூஞ்சியப் பாத்தீங்களா? தன் தலையத் தானே மோந்து பாத்துக்கறா."

குமரவேல் பட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் நாள் பூரா வால்வத் திருப்பறவன். தண்ணி வரலைன்னா ஊரு திட்டும், வந்தா ஒருத்தன் நினைக்க மாட்டான். அந்த முக்கா மணி நேரந்தான் நான் நடந்தா நாலு பேரு ஒதுங்கறாங்க. இன்னும் ஒரு குட்டி இருக்குதாமா. அது முடிஞ்சா பட்டமாற்றம் முடிஞ்சுது. அப்பறம் பட்டையக் கழட்டிக் குப்பையில போட்டர்றேன். குழலி மேல சத்தியம்."

குழலி மேல் சத்தியமாம். கேட்கிற நமக்கே இப்படி இருக்கிறது. கட்டிக்கொண்டவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

அந்தக் கடைசிக் குட்டி கிழிகாது என்ற பெண் சிங்கத்தினுடையது. பாறை இடுக்கில் ஒளித்து வைத்திருந்தாள். ஐந்தாம் நாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், பூவரசியும் நஞ்சப்பனும் அவளைத் தொடர்ந்தார்கள். குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு அவள் வெளியே வந்தாள். மேற்கே போய்த் தப்பிப்பாள் என்று நினைத்தார்கள். அவள் நேராக ஒரு கிளுவைப் புதருக்குப் போனாள். அந்தப் புதர் நாலுபுள்ளி தினமும் விடியலில் மூத்திரம் பீய்ச்சித் தன் எல்லையைக் குறிக்கிற இடம். அடியில் மண் சேறாகிக் கிடக்கும். அந்தச் சேற்றில் குட்டியைப் போட்டாள். முன்னங்காலால் இப்படியும் அப்படியும் புரட்டினாள். குட்டி கத்தியது, எழுந்து ஓடப் பார்த்தது. இழுத்துப் போட்டு மறுபடி புரட்டினாள். தலையை வைத்து அழுத்தித் தேய்த்தாள். குட்டியின் நிறமே மாறிவிட்டது.

காற்று வண்டிப் பக்கம் திரும்பியது. பூவரசி கதவைத் திறந்து குனிந்து, தின்ற இரண்டு இட்லியையும் வெளியே எடுத்தாள்.

"பயித்தியம் புடிச்சுப் போச்சுங்களா இதுக்கு?" என்றார் நஞ்சப்பன். "பெத்த தாயி பண்ற வேலைங்களா இது?"

பதினோரு வருடத்தில் அவள் இப்படிப் பார்த்ததில்லை. நாளேட்டில் எழுதினாள்: 'தாய் குட்டியை அசுத்தத்தில் புரட்டியது. காரணம் தெரியவில்லை.'

மதியம் நாலுபுள்ளி ஊஞ்ச மரத்தடியில் கிடந்தான். ஆறுபுள்ளி எங்கோ கிழக்கே போயிருந்தான். தொடர்வண்டி இருநூறு மீட்டரில் நின்றது. ஒன்றரை மணி ஆனதும் பச்சை விளக்கு எரிந்தது. மேடையிலிருந்து நிரஞ்சன் பேசினான். "நாலரைக் கோடி மேடம். இதுவரைக்கும் இவ்வளவு பேர் ஏறினதில்ல. எல்லாரும் அந்தக் கடைசிக் குட்டிக்குத்தான்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. குமரவேலுக்கு விடுமுறை, குழலிக்கும் பள்ளி இல்லை. வீட்டில் இருவரும் தனியாக இருக்கிறார்கள். அவன் கூடத்தில் நெற்றிப்பட்டையோடு சாய்ந்திருப்பான். அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எதையாவது வரைந்துகொண்டிருப்பாள். பூவரசிக்கு அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

புல்லை விலக்கிக்கொண்டு கிழிகாது வந்தாள். வாயில் குட்டி. நாலுபுள்ளிக்கு இருபதடி தூரத்தில் அதைக் கீழே வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கிப் படுத்தாள். ஒளிக்கவில்லை, தடுக்கவில்லை. தானே கொண்டுவந்து கொடுத்துவிட்டாள் என்றுதான் பூவரசி நினைத்தாள். நாலுபுள்ளி எழுந்தான். நடந்து வந்து குட்டியின் மேல் குனிந்தான். மூக்கு அதன் உச்சந்தலையில் பட்டது.

நாலரைக் கோடி மூக்குகள் பட்டன. அதில் ஒன்று குழலியை மாலைதோறும் முகர்கிற மூக்கு.

"பின்னால எடுங்க" என்றாள் பூவரசி.

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி, நாலாவது விதி இருக்குதுங்க."

சிங்கம் முகரத் தொடங்கினால் வண்டி நகரக் கூடாது. அதுதான் நான்காவது விதி. காரணம் எழுதியிருக்கவில்லை. நடுவில் அறுந்தால் பார்க்கிற கூட்டம் கூச்சல் போடும், அதற்காகத்தான் என்று தடமறிவாளர்கள் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கூச்சல் போடட்டும் என்று அவள் நினைத்தாள். இந்த ஒரு கடியாவது வீட்டில் சாய்ந்திருக்கும் அந்த ஆளின் வாயில் விழாமல் போகட்டும்.

"எடுங்க நஞ்சப்பண்ணா. என்ற பேர்லயே எழுதிக்குங்க."

வண்டி பின்னால் உருண்டது. இருநூற்றைம்பது. முந்நூறு. பச்சை விளக்கு அணைந்தது. அவ்வளவு பேரும் அறுந்து விழுந்தார்கள். பூவரசி தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை; அதுதான் வேலை.

இன்னும் முகர்ந்துகொண்டிருந்த நாலுபுள்ளியின் மேலுதடு சுருண்டது. பல் தெரிந்தது. ஒரு நொடி, இரண்டு, மூன்று. பிறகு உதடு இறங்கியது. ஒரு தும்மல் போட்டான். நாக்கை நீட்டிக் குட்டியின் தலையை ஒரு தடவை நக்கினான். அப்படியே பக்கத்தில் சரிந்து படுத்தான். குட்டி அவன் முன்னங்காலில் ஏறி விழுந்து மறுபடி ஏறியது. கிழிகாது எழுந்து வந்து அவன் பிடரியில் தலையை உரசினாள்.

அந்த நாற்றம் அவனுடைய நாற்றம். குட்டியின் மேல் அவனையே பூசிக் கொண்டுவந்திருக்கிறாள் அந்தத் தாய். பூவரசிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் சிரித்தாள், கண்ணீர் வந்தது. "நஞ்சப்பண்ணா, பொழச்சுகிச்சு. சேத்துக்கிட்டான்."

பேசியில் நிரஞ்சன் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை. "மேடம், முன்னால போங்க. இப்பவே. இணைப்பைக் கொடுங்க."

வண்டி முன்னால் போனது. விளக்கு எரிந்தது. ஆனால் நாலுபுள்ளி அதற்குள் உறங்கிப்போயிருந்தான். மறுபடி ஏறியவர்களுக்கு உறக்கம் மட்டும்தான் கிடைத்தது.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"நாலாவது விதி எதுக்குன்னு நினைச்சீங்க மேடம்?"

"பாக்கறவங்க கத்துவாங்கன்னு."

நிரஞ்சன் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "கொன்னா அடங்கிடும். சேர்த்துக்கிட்டாலும் அடங்கிடும். ஏதாவது ஒரு தீர்ப்பு முடியணும். முகர்ந்ததும் முதல்ல வர்றது 'என்னுது இல்ல'ங்கறதுதான், சரியா அந்த இடத்துல அறுத்துட்டீங்க. எல்லாரும் அங்கேயே நின்னுட்டாங்க. பின்மணம் இனி இறங்கறது சந்தேகம். எல்லா ஊர்லேர்ந்தும் கூப்பிடறாங்க. நானும் ஏறியிருந்தேன் மேடம். எனக்கு ஆறு மாசத்துல பையன் இருக்கான். நான் இன்னிக்கு வீட்டுக்குப் போகப் போறதில்ல."

இன்னும் நான்கு நொடி அவள் பொறுத்திருந்தால் நாலரைக் கோடிப் பேருக்கும் 'என்னுது' என்ற தீர்ப்பு வந்திருக்கும். ஊரான் பிள்ளையைக்கூட உச்சி முகர்ந்து அணைத்திருப்பார்கள். வெட்டினாளே, சரியாக அந்த இடத்தில் வெட்டினாள். அருவருப்பு கண்ணை மறைத்தால் இப்படித்தான்.

பன்னிரண்டு கிலோமீட்டர். நஞ்சப்பன் பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினார். நகரியத்துக்குள் நுழைந்தபோது தெருவெங்கும் ஆண்கள் நின்றார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. எல்லார் மேலுதடும் சுருண்டிருந்தது. ஏறாத பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனார்கள். டீக்கடைக்காரர் கடைக்குள் தன்னைப் பூட்டிக்கொண்டு ஷட்டரைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். வெளியே அவர் பேத்திகள் இரண்டும் "தாத்தா, தாத்தா" என்று நின்றன.

பூவரசி வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

குமரவேல் முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் குந்தியிருந்தான். துண்டைத் தைலத்தில் நனைத்து மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது.

"சாவி எங்க?"

"பக்கத்து வீட்டு மாடிக்கு எறிஞ்சுட்டேன். நானே எடுத்துடக் கூடாதுன்னு." துண்டை இன்னும் இறுக்கினான். "பூவு, அது குழலின்னு எனக்குத் தெரியுது. நம்ம புள்ளைன்னு தெரியுது. வாடை வந்தா கை வேற மாதிரி ஆகுது. கூட்டிட்டுப் போயிரு. நான் கூப்பிட்டாலும் வராதீங்க."

சன்னல் கம்பிக்குப் பின்னால் குழலி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணும் நெற்றியும் சிவந்து கிடந்தன. சோப்புக் கட்டி கையிலேயே இருந்தது.

"அம்மா, நான் மூணு தடவை ஊத்திட்டேன். போகமாட்டேங்குது."

பூவரசிக்கு அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழவில்லை. அவளுக்குக் கிளுவைப் புதர் நினைவுக்கு வந்தது.

"சட்டையைக் கழட்டுங்க" என்றாள்.

"என்னது?"

"போட்டிருக்கற சட்டையக் கழட்டிக் குடுங்க."

நேற்றும் முந்தாநாளும் தொட்டியில் வேலை செய்தபோது போட்டிருந்த அதே காக்கிச் சட்டை. பயந்து வியர்த்ததில் தொப்பலாக நனைந்திருந்தது. அவள் கம்பியால் பூட்டை உடைத்து உள்ளே போனாள். மகளை உட்காரவைத்து, அந்தச் சட்டையால் அவள் தலையைத் துவட்டினாள். துவட்டியது போதாது என்று அக்குள் பக்கத் துணியை வைத்து உச்சியில் அழுத்தித் தேய்த்தாள். கழுத்தில் தேய்த்தாள், காதுக்குப் பின்னால் தேய்த்தாள். குழலி முகத்தைத் திருப்பினாள். இழுத்துப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். பெற்ற தாய் பண்ணுகிற வேலையா என்று நஞ்சப்பன் கேட்டது காதில் கேட்டது.

வெளியே கூட்டி வந்தாள். இடது கையில் குழந்தை, வலது கையில் கம்பி.

"துண்ட அவுருங்க."

"வேண்டாம் பூவு."

"அவுருங்க. நான் இருக்கறேன்."

அவன் அவிழ்த்தான். குழலி வழக்கம் போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவன் குனிந்தான். மேலுதடு சுருண்டது. பல் தெரிந்தது. பூவரசி கம்பியை ஓங்கினாள். ஒரு நொடி, இரண்டு, மூன்று. உதடு இறங்கியது. ஒரு தும்மல் போட்டான்.

"நம்ம குழலி" என்றான். "இப்பத்தான் நம்ம குழலி." அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். குழலியும் அழுதாள். பூவரசி கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள்.

வழியை அவள்தான் பேசியில் சொன்னாள். மேடை அதை ஊர் ஊராகச் சொன்னது. அன்று மாலைக்குள் வீடு வீடாக அழுக்குச் சட்டைகளைத் தேடினார்கள். எல்லா வீட்டிலும் அது கிடைக்கிற பொருள்தானே.

ஆறு மாதமாகிறது. பின்மணம் யாருக்கும் இறங்கவில்லை. குளித்தால் சட்டை வாடை போய்விடும் என்பதால் தினமும் மாலையில் புதிதாகத் தேய்க்க வேண்டும். பள்ளி வகுப்பறைக்குள் நுழைந்தால் முப்பது தகப்பன்களின் வியர்வை முகத்தில் அடிக்கிறது. வாத்தியார்கள் வாசலில் நின்று பாடம் நடத்துகிறார்கள். நிரஞ்சனின் மகன் மேல் ஒரு கம்பளிச் சட்டையே சுற்றியிருக்கிறதாம். சேர்த்துக்கொண்ட குட்டியை நாலுபுள்ளி மறுபடி உதட்டைச் சுருட்டி எடைபோடவே இல்லை. இன்னொரு குட்டியை முகரவைத்துக் கொன்றாலாவது எல்லாரும் இறங்கிவிடுவார்கள் என்று மேடைக்கு ஒரு யோசனை. தெற்குப் பாறையில் நாலு குட்டியோடு ஒரு கூட்டம் இருக்கிறதே, நாலுபுள்ளியை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போக முடியுமா என்று பூவரசியைக் கேட்டார்கள். அவள் பேசியைப் பிடுங்கி நஞ்சப்பன் மடியில் எறிந்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கி நடந்தே வந்துவிட்டாள். அவளுக்குப் பதில் வேறொருவர் வந்திருக்கிறார்.

ஜனம் திருந்தியதா என்றால், அதுதான் இல்லை. தினமும் ஒன்றரை மணிக்கு ஏறுகிறார்கள். தங்கள் பிள்ளைகளைத் தாங்களே கொன்றுவிடாமல் இருக்க அழுக்குச் சட்டை தேவைப்படுகிற இந்த வாழ்க்கையை மறக்க, சாப்பிட்ட கையோடு முக்கால் மணி நேரம் சிங்கமாகிவிடுகிறார்கள். குமரவேல் மட்டும் சொன்னபடி பட்டையைக் குப்பையில் போட்டான். அவனுக்கும் இறங்கவில்லை.

மாலையில் அவன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூவரசி காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு உட்காருவாள். குழலி வந்து முன்னால் உட்காருவாள். முதல் மாதமெல்லாம் "நாறுதும்மா" என்றாள். இப்போது சொல்வதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தலையைக் குனிகிறாள். அவன் முகர்கிறான், தும்முகிறான், தூக்கிக் கொஞ்சுகிறான்.

நேற்று அவள் ஓடவில்லை. தேய்த்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா பட்டை போட்டாங்க, அதனால அவங்களுக்கு நாத்தம். நீதான் போடவே இல்லையே. நீ ஏன் என்ற உச்சிய மோக்கறதே இல்ல?"

பூவரசி சட்டையைக் கீழே வைத்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உச்சியில் மூக்கை வைத்தாள். அந்த வியர்வை நாற்றம் ஏறிவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டுதான் வைத்தாள்.

குழலி அசையாமல் இருந்தாள். காத்திருந்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.